கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டியது

2022 யூலையில், பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்ட காலத்தில், இலங்கை அரசாங்கம் தேசிய எரிபொருள் அட்டை என்ற கியூஆர் முறையைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாதவருக்கு ஷெட்டில் எரிபொருள் இல்லை என்றானது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அந்தக் குறியீட்டைப் பெற இணையத்தில் பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் பதிந்து, போனுக்கு வரும் ஒருதடவைக் குறியீட்டைத் திருப்பி அடிக்க வேண்டும். அதுவரை எந்த இணையத்தளத்திலும் கணக்குத் திறக்காதவர்கள்கூட இதைச் செய்து முடித்தார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் கொமினிகேஷன் கடைக்குப் போய்ப் பதிந்து, கியூஆரை அச்சடித்து, லெமினேற் பண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் பல இலட்சம் வாகனங்கள் பதிவாகின. எங்கள் சனத்துக்குப் படிவம் ஒரு பொருட்டே இல்லை, எதைக் கேட்டாலும் நிரப்புவார்கள் என்று மென்பொருள் செய்பவர் ஒருவர் இதிலிருந்து முடிவெடுத்தால், அதைவிடப் பிழையான முடிவு வேறில்லை. அந்தப் படிவத்தை நிரப்ப வைத்தது அதன் வடிவமைப்பல்ல. வெற்றுத் தாங்கியோடு நின்ற வாகனம்.

மென்பொருள் ஒன்றை இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்க வருபவருக்கு அப்படி எந்த நெருக்கடியும் கிடையாது. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர், களுவாஞ்சிகுடியில் மருந்துக்கடை நடத்துபவர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் ஆலை வைத்திருப்பவர், பாசிக்குடாவில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுபவர் என்று எல்லோரிடமும் ஏற்கனவே ஒரு முறை இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு கொப்பி. அந்தக் கொப்பிக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை, மின்சாரம் போனாலும் வேலை செய்யும், யாருடைய அனுமதியும் இல்லாமல் முதல் பக்கத்திலேயே எழுதத் தொடங்கலாம். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ, மட்டக்களப்பு நகரத்து இளைஞர்களிடமிருந்தோ வரும் பில் போடும் மென்பொருள் போட்டியிடுவது இந்தக் கொப்பியோடுதான். விளம்பரத்தைத் தட்டியவருக்கு முதலில் தெரிவது மென்பொருளல்ல. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு படிவம். முதற்பெயர், கடைசிப்பெயர், மின்னஞ்சல், நிறுவனம், பதவி, ஊழியர் எண்ணிக்கை, முகவரி, மாநிலம், அஞ்சல் குறியீடு என்று அது போகும். பாவனையாளருக்கு முதல் பயனைக் காட்டுவதற்கு அந்த நிமிடத்தில் எது இல்லாமல் முடியாதோ, அதை மட்டுமே பதிவில் கேட்க வேண்டும். மற்ற விபரங்கள் அவருடைய சொந்த வேலைக்கு அவை தேவைப்படும் இடத்தில் கேட்கப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கேட்க எளிமையானது. ஆனால் படிவத்தைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு, விளம்பரப் பிரிவு என்று ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பெட்டி சேர்த்துவிட்டுப் போவதால், நடைமுறையில் அரிதாகவே காணக்கிடைக்கிறது.

பெட்டி ஒன்று கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லும் இரண்டு சம்பவங்கள் வடிவமைப்பாளர் மத்தியில் பிரசித்தம். அமெரிக்காவின் பெரிய விற்பனைத் தளமொன்றில், பொருட்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போகும் வாடிக்கையாளர் முதலில் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. படிவத்தில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மட்டும்தான். ஜாரெட் ஸ்பூல் என்ற ஆய்வாளரின் குழு மக்களை அருகிலிருந்து கவனித்தபோது, அந்தச் சின்னத் தடையே பலரைத் திருப்பி அனுப்பியது தெரிந்தது. பழைய வாடிக்கையாளருக்கும் எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பது மறந்துபோயிருந்தது. ‘பதிவுசெய்க’ என்ற பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, கணக்குத் திறப்பது கட்டாயமில்லை என ஒரு வரியும் சேர்த்தார்கள். வாங்குபவர் தொகை 45 சதவீதம் கூடியது. முதல் வருடத்தில் 30 கோடி டொலர் மேலதிக விற்பனை. மற்றது பயணச்சீட்டு விற்கும் எக்ஸ்பீடியாவினுடையது. அதன் படிவத்தில் ‘நிறுவனம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. நிரப்பாமலும் விடலாம். ஆனால் சிலர் அது தங்கள் வங்கியைக் கேட்கிறதென்று நினைத்து வங்கியின் பெயரை எழுதி, அடுத்த பெட்டியில் வங்கியின் முகவரியையும் எழுதினார்கள். முகவரி கடன் அட்டையோடு பொருந்தாமல் கொடுப்பனவு நிராகரிக்கப்பட்டது. அந்த ஒரு பெட்டியை நீக்கியதால் வருடத்துக்கு 1.2 கோடி டொலர் கூடுதல் இலாபம் வந்ததாக நிறுவனத்தார் பிறகு சொன்னார்கள். கட்டாயமில்லாத பெட்டியும் கேடு செய்யும் என்பதற்கு இது போதும்.

அந்த இரண்டு படிவங்களையும் நிரப்பியவர்கள் பெரும்பாலும் அவற்றின் மொழியிலேயே பிறந்தவர்கள். அதே படிவத்தை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பெட்டியும் புதிதாக ஒரு சிக்கலைப் பெற்றெடுக்கிறது. பெயரையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், கலியாணமான பெண்ணுக்குப் பல இடங்களில் கணவனின் பெயர் பின்னால் வரும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் பெயர்களுக்கு முன்னால் மூன்று முதலெழுத்துகள் நிற்பது சாதாரணம். மட்டக்களப்பு நகரத்தில் பல தலைமுறையாக வாழும் பறங்கியர் குடும்பங்களுக்கு ஐரோப்பிய முறையில் குடும்பப்பெயர் உண்டு. முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரண்டு பெட்டி இவர்களில் ஒரு பகுதியினருக்கே பொருந்தும். மற்றவர்கள் தகப்பன் பெயரை ஒருநாள் முன்னும் மறுநாள் பின்னும் போடுவார்கள், அல்லது ஒரு புள்ளியை வைத்துக் கடப்பார்கள். பிறகு மென்பொருள் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது, இறந்துபோன தகப்பனின் பெயரைச் சொல்லி அன்போடு வரவேற்கும். பெட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலாளர் 2010இல், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்களைப் பட்டியலாக்கினார். எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்பது அவற்றில் ஒன்று. தீர்வு பெரிய வித்தையில்லை. ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரே பெட்டி, தமிழ் எழுத்தையும் முதலெழுத்துக்குப் பின்வரும் புள்ளியையும் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் முடிந்தது.

முகவரியும் அப்படியே. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கல்முனை வீதியை ஒட்டிய கடைக்கு இலக்கமும் வீதியும் இருக்கும். மேற்கே படுவான்கரையில் பல வீடுகளுக்கு ஊர்ப்பெயரே முகவரி. தபால்காரருக்கு அது போதும். படிவமோ வீதியின் பெயர் இல்லாமல் நகராது. இல்லாத மாநிலத்தையும் தெரிவுசெய்யச் சொல்லும். ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஆளுக்கொரு முறை. மின்னஞ்சல் இன்னும் மோசம். ஸ்மார்ட்போன் வாங்கும்போது கடைக்காரப் பையன் திறந்து கொடுத்த ஜிமெயில்தான் பலருடைய முகவரி. அதன் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை, அதற்கு வரும் கடிதங்களைத் திறப்பாரும் இல்லை. அந்த மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தல் இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மென்பொருள் காத்துக்கொண்டேதான் இருக்கும். கடன் அட்டை கேட்டுவிட்டு ‘14 நாள் இலவசம்’ என்று சொல்வது, இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனத்தொகையில் சுமார் 20 இலட்சம் கடன் அட்டைகளே புழங்கும் நாட்டில், கதவைச் சாத்திவிட்டு வரவேற்பதுதான். சென்னையில் வேரூன்றிய ஸோஹோ தன் கணக்கு மென்பொருளை அதே 14 நாளுக்குக் கொடுக்கும்போது கடன் அட்டை கேட்பதில்லை. அவர்கள் தருமத்துக்காக அப்படிச் செய்யவில்லை. சிறுவணிகர் யாரென்று தெரிந்தவர்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் படிவங்கள் அதைப் பழக்கத்தினால் கேட்கின்றன. கூடவே பிறந்த திகதியையும் பாலையும் கேட்கின்றன. இது வீண்வேலை. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் பிறந்த வருடமும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் உள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அதாவது இலக்கத்தைக் கொடுத்தவர் மற்ற இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் வீண்வேலையைவிடப் பெரிய விடயம் வேறு. மூன்று தசாப்தப் போரில் சோதனைச்சாவடி தோறும் அட்டையை நீட்டிய மாவட்டம் இது. 2004 சுனாமியில் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து மறுபடி எடுக்க அலைந்தவர்கள் கரையோரம் முழுக்க இருக்கிறார்கள். பெயர், முகவரி, அட்டை இலக்கம் மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் எதையும் இங்குள்ளவர் ஒருகணம் நின்று பார்ப்பார். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்பார். பில் போடும் மென்பொருளுக்கு அந்த இலக்கம் எதற்கு? எரிபொருள் அட்டைக்கு அது தேவைப்பட்டது, ஒருவர் பல பெயரில் பங்கு எடுப்பதைத் தடுக்க. அங்கே கேள்விக்குக் காரணம் இருந்தது, காரணம் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவு சேகரிப்பது நோக்கத்துக்கு அளவாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனதைச் சாட்டாக வைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொள்பவர்கள், நாளை அந்தக் குவியலுக்குத் தாங்களே பொறுப்பு என்பதை யோசிப்பதில்லை.

எதைக் கேட்கலாம் என்பதற்கு இந்த ஊரே தினமும் ஒரு பதிலைப் பாவிக்கிறது. வாட்ஸ்அப்பில் சேர ஒரு போன் இலக்கம், அதற்கு வரும் குறியீடு, ஒரு பெயர். மீன் வாடிக்காரரும் பள்ளிக்கூட அதிபரும் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். படம் போடுவது, தன்னைப் பற்றி ஒரு வரி எழுதுவது எல்லாம் பிறகு, விரும்பினால். 2018 தொடக்கத்தில் வணிகர்களுக்கென்று தனியாக வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸைக் கவனித்தால் சுயவிபரம் எப்படி நிரம்புகிறது என்பது புரியும். கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், பொருட்களின் படமும் விலையும் என்று அதில் நிரப்ப வேண்டியவை ஏராளம். பெரும்பாலானவை கட்டாயமில்லை. ஆனாலும் வீட்டில் கேக் செய்து விற்கும் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு கேக்கின் படத்தையும் விலையையும் ஏற்றுகிறார். ஏனென்றால் அந்தப் பெட்டிகளைப் படிக்கப்போவது அவருடைய வாடிக்கையாளர். நிரப்பாவிட்டால் ‘அக்கா, விலை என்ன?’ என்று இருபது பேருக்குத் தனித்தனியே பதில் எழுத வேண்டும். நிறுவனத்துக்காகக் கேட்கப்படும் விபரத்தை மனிதர்கள் ஏனோதானோவென்று நிரப்புவார்கள். தங்களுக்கு உதவும் விபரத்தைத் திருத்தித் திருத்தி நிரப்புவார்கள்.

பில் மென்பொருளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. போன் இலக்கத்தோடு உள்ளே விட்டு, மாதிரிக்குப் பத்துப் பொருட்களோடு ஒரு கடையைக் காட்டி, முதல் பற்றுச்சீட்டைப் போட விட வேண்டும். அதை அச்சடிக்கும் கட்டத்தில் ‘சீட்டின் மேலே கடையின் பெயர் என்ன போடலாம்?’ என்று கேட்டால், அது விசாரணையாகத் தெரியாது. அவருக்கே அது தேவை. வரி இலக்கத்தை வரிச் சீட்டுப் போடும்போது கேட்கலாம், முகவரியை வீட்டுக்குப் பொருள் அனுப்பும்போது, வேலையாட்களின் பெயரை இரண்டாவது ஆள் காசுமேசையில் இருக்கும் நாளில். கடன் எழுதும் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். கடைக்காரரின் கடன் கொப்பியில் ‘ஓடாவியார் மகன்’, ‘மூலைவீட்டு மாமி’ என்றுதான் இருக்கும். அங்கே வாடிக்கையாளரின் போன் இலக்கமும் மின்னஞ்சலும் இல்லாமல் கடனைப் பதிய முடியாது என்று அடம்பிடிக்கும் மென்பொருள் முதல் நாளே மூடப்படும். மூலைவீட்டு மாமிக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டிய நாள் வந்தால் இலக்கத்தைக் கடைக்காரரே தேடிப் போடுவார்.

இதற்கு எதிராக விற்பனைத் துறையினர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு, அது லேசானதல்ல. நீண்ட படிவம் ஒரு சல்லடை என்பார்கள்: உண்மையில் வாங்க நினைப்பவர் நிரப்புவார், வேடிக்கை பார்ப்பவர் போய்விடுவார், எங்கள் நேரம் மிஞ்சும். சல்லடை என்பது சரி. எதைச் சலிக்கிறது என்பதில்தான் பிழை. படிவத்தைக் கடப்பவர் ஓய்வு நேரமும் ஆங்கிலமும் நல்ல சிக்னலும் உள்ளவர். அறுவடைக் காலத்தில் ஆலையில் லொறிகள் நிற்க, நடுவில் பத்து நிமிடம் கிடைத்த முதலாளி கடக்கமாட்டார்; அவரே நாளை ஒழுங்காகக் கட்டணம் கட்டக்கூடியவர். வாங்கும் எண்ணத்தை அளக்க விரும்புபவர் அவர் எத்தனை பெட்டி நிரப்பினார் என்று எண்ணுவதை விட்டு, மூன்றாம் நாள் மறுபடி வந்து பில் போட்டாரா என்று பார்க்கட்டும். பொய்க் கணக்குகள் பெருகும் என்ற அச்சத்துக்கும் பதில் இதையொட்டியதுதான்: பொய்யர் பன்னிரண்டு பெட்டியையும் பொய்யாலேயே நிரப்பிவிடுவார். குறுஞ்செய்திக் குறியீடு ஓரளவு தடுக்கும். மிச்சத்தை, ஆபத்துள்ள செயல்களுக்கு மட்டும் பூட்டுப் போட்டுத் தடுக்கலாம். ஆயிரம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பப் போகிறவரிடம் அந்த இடத்தில் அடையாளம் கேட்பது நியாயம். வங்கிக் கணக்குகளுக்கும் பணம் அனுப்பும் செயலிகளுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அங்கே வாடிக்கையாளரை அறிவது மத்திய வங்கியின் விதி. ஆனால் வங்கியைப் பார்த்துப் பழகிய கை, சரக்குக் கணக்கு மென்பொருளுக்கும் அதே படிவத்தை வரைந்துவிடுகிறது.

படிவங்களைப் பற்றி நெடுங்காலம் வேலை செய்த கரோலைன் ஜாரெட் சொல்லும் ஒரு முறை, கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டி சேர்ப்பதற்கு நல்ல மருந்து. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதன் பதிலை யார் பாவிப்பார், எதற்கு, ஒருவர் வாய்க்கு வந்ததை எழுதினால் என்ன நடக்கும் என்று எழுதி வைக்கச் சொல்கிறார். பிரித்தானிய அரசின் இணையச் சேவைகள் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. ‘ஊழியர் எண்ணிக்கை’ என்ற பெட்டிக்கு இந்தச் சோதனையைப் போட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இன்னொரு ஆட்சேபம்: பிறகு கேட்கலாம் என்று விட்டால் சுயவிபரம் எப்போதும் அரைகுறையாகவே கிடக்கும். உண்மைதான், சில பெட்டிகள் கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். இதற்காகத்தான் ‘உங்கள் விபரம் 60 சதவீதம் பூர்த்தி’ என்ற கோடு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2006இல் வெளியான ஆய்வொன்றுக்காக நூனஸ், ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவுமிடத்தில் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு கழுவல் இலவசம். மற்றப் பாதிக்குப் பத்து முத்திரை, ஆனால் இரண்டு ஏற்கனவே குத்தப்பட்டிருந்தன. இரு பக்கமும் வேண்டியது எட்டே. வெறும் அட்டைக்காரரில் 19 சதவீதம் பேரும், தொடங்கிவைக்கப்பட்ட அட்டைக்காரரில் 34 சதவீதம் பேரும் முடித்தார்கள். தொடங்கிவிட்டதாகத் தோன்றும் வேலையை மனம் முடிக்கப் பார்க்கிறது. இதை நேர்மையாகவும் பயன்படுத்தலாம்: முதல் பொருளைச் சேர்த்தாயிற்று, முதல் பில் போட்டாயிற்று, இனிக் கடையின் பெயர் மட்டும் என்று பாவனையாளர் செய்த வேலையையே காட்டலாம். ஆனால் பல மென்பொருள்களில் அந்தக் கோடு நூறை எட்டுவதேயில்லை. எதை நிரப்பினாலும் இன்னும் ஒன்று முளைக்கும். பிறந்தநாளையும் குடும்ப நிலையையும் கொடுத்தால்தான் பூர்த்தி என்று சொல்லும் கோடு, மனிதரின் ஒரு சுபாவத்தைப் பிடித்து அவரிடமிருந்து கறப்பதற்கு வைத்த பொறி. தள்ளிவைத்துக் கேட்பது என்ற பெயரில் ஒவ்வொரு பத்து நிமிடமும் வேலையை மறித்து ஒரு கேள்வி கேட்பதும் அதே வகைதான். அதைவிட முதலிலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று தோன்றும்.

பதிவு செய்பவரும் பாவிப்பவரும் ஒரே ஆள் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. எரிபொருள் அட்டையைப் பதிந்துகொடுத்தது பல வீடுகளில் மகள். அல்லது கொமினிகேஷன் கடைக்காரர். கடை மென்பொருளையும் மகன் தன் போனிலிருந்து தொடங்கிவைத்துவிட்டுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவான். குறியீடு அவனுடைய போனுக்குப் போகும், தகப்பன் கடையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே கணக்கை இன்னொரு இலக்கத்துக்கு மாற்றிக்கொடுப்பது முதல் பக்கத்திலேயே இரண்டு தட்டலில் முடிய வேண்டும். சிக்னல் அறுந்து பக்கம் மறுபடி ஏறும்போது, நிரப்பியவை நிரப்பியபடி இருக்கவும் வேண்டும். இவை அலங்காரமில்லாத வேலைகள் என்பதால் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகின்றன.

14 நாள் என்ற எண்ணிக்கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் ஆலைக்கு வரும். சிறுபோகம் ஆடி, ஆவணியில். கார்த்திகை, மார்கழி மழையில் வயலும் பாதையும் வெள்ளத்தில் கிடக்கும்போது ஆலைக்காரருக்கு நேரம் இருக்கும், மென்பொருளைப் பதிந்தும் வைப்பார். அந்த நிமிடமே மணிக்கூடு ஓடத் தொடங்கினால், முதல் மூடை வரும்போது ‘உங்கள் பரீட்சைக் காலம் முடிந்தது’ என்ற அறிவிப்பு திரையில் நிற்கும். நாளை எண்ணாமல் பில்லை எண்ணலாம்: முதல் இருநூறு பற்றுச்சீட்டு இலவசம். நாள்தான் வேண்டுமென்றால் முதல் பில் போட்ட அன்றிலிருந்து எண்ணட்டும். பிறகு வாங்காமல் போகிறவருக்கு அவருடைய கணக்குகளைக் கோப்பாக எடுத்துக்கொடுத்துவிட்டு, அவரைப் பற்றிச் சேர்த்த விபரங்களை எத்தனை நாளில் அழிப்போம் என்பதைப் பதிவுப் பக்கத்திலேயே, அவர் இலக்கத்தை அடிக்கும் பெட்டிக்குக் கீழே, தமிழில் ஒரு வரியாக எழுதிவைக்கலாம்.